வீட்டுக்குப் பின்னால் ஊன்றிய பந்தக்கால்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் கிடக்கும் பேப்பரைப் புரட்டிப் பார்த்து எழுதுகிறேன். அப்படியும் தப்பு இருக்கும்.

எனக்குப் பந்தல் வேலை. பாலக்கரையில் வாடகை வீடு. முப்பது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் மூங்கில் நட்டுக் கீற்று போட்டேன். இப்போது தகரமும் துணியும் கட்டுகிறேன். விசேஷ வீட்டில் வேலை செய்கிறவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு அது வசதி. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. பேசாமல் இருப்பதால் பார்ப்பது அதிகம். சம்பந்தி வீட்டார் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், சமையல்காரர் எந்த அண்டாவை மூடி ஓரமாக வைக்கிறார் என்பதெல்லாம் ஏணி மேல் நிற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மனைவி சொல்லுவாள். இருக்கலாம்.

எனக்கு ஒரே தங்கை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டி அவள் வீடு. நாலு பக்கம் மண்சுவர், மேலே பாதி ஓடு, பாதி தகரம். அவள் புருஷன் ஆற்றோரப் படுகையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூவன் வாழை போட்டிருந்தார். இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பு, பதினாலு வயது. நாங்கள் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இளையது மூன்று வயதுப் பையன். எனக்கு ஒரே மகன், பத்தொன்பது வயது, காட்டூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருக்கிறான்.

போன ஆடியில் மேட்டூர் நிரம்பியது. வந்த தண்ணீரை முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். டவுனில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியைப் பார்க்கக் கூட்டம். அதே நேரத்தில் ஸ்ரீரங்கம் தீவுக்கு வடக்குப் பக்கம் கரையில் இருந்தவர்கள் அரிசியையும் ரேஷன் கார்டையும் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. அவர்களையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் பலமுறை வேலை செய்த மண்டபம்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பந்தியறையில் இடமில்லை. என் தங்கை குடும்பத்துக்கு மணமேடையில் இடம் கொடுத்திருந்தார்கள். பாப்பாவின் ஸ்கூல் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து மேடைப் படியில் காயவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நூறு பேர். குளிக்க மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குழாய், அதற்குக் கதவு கிடையாது. வயதுப் பெண்கள் குளிக்கப் போகும்போது இரண்டு அம்மாக்கள் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் பீடி பிடிக்க வருகிற மாதிரி வந்து நின்ற ஆட்களையும் பார்த்தேன்.

மத்தியானம் ஒரு லோடு ஆட்டோவில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. கொண்டுவந்தவருக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. யாரையும் அதட்டவில்லை, பேச்சில் பணிவு இருந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பாய் கொடுத்தார். என் தங்கைக்கு இரண்டு.

“யாரும்மா அது?” என்று கேட்டேன்.

“ஆத்துக்கு அந்தாண்ட ஊராம்ண்ணே. சொந்தமா வண்டி வச்சிருக்காராம். தெனம் வராரு.”

“எல்லாருக்கும் ஒரு பாயி. உனக்கு மட்டும் ரெண்டு.”

“பொண்ணு தனியா படுக்கட்டும்னு குடுத்தாரு. அதுக்குமா சந்தேகம்? ஒருத்தன் எங்களுக்கு நல்லது பண்ணிடக் கூடாது உனக்கு.”

 மனதுக்குள் அவருக்குப் பொட்டலக்காரர் என்று பெயர் வைத்தேன். பொட்டலம் கொடுக்கும்போது அவர் கண் வரிசையில் இல்லை, மேடையில் இருந்தது. ஏணி மேல் நிற்காமலேயே அது எனக்குத் தெரிந்தது.

தண்ணீர் வடிய இரண்டு வாரம் ஆனது. திரும்பிப் போய்ப் பார்த்தால் மேற்குச் சுவர் இல்லை. பின்னால் தட்டி கட்டி மறைத்திருந்த கக்கூஸ் போன இடம் தெரியவில்லை. வாழைக் கிழங்கு மொத்தமும் அழுகிவிட்டது. மரம் நின்ற இடத்தில் நின்றிருந்தது, கையால் தள்ளினால் சாய்ந்தது. அந்த நாற்றம் ஒரு மாதம் போகவில்லை. நிவாரணம் எழுத வந்தவர்கள் பட்டா யார் பெயரில் என்று கேட்டார்கள். பட்டா குத்தகைக்கு விட்டவர் பெயரில். அவர் டவுனில் மாடி வீட்டில் இருக்கிறார். அவர் வாங்கினாரா, வாங்கி இல்லை என்கிறாரா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தங்கை புருஷன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். தங்கை நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பாப்பா தம்பியைப் பார்த்துக்கொண்டு, கதவில்லாத வீட்டுக்குக் காவலாக உட்கார்ந்தாள். வெள்ளத்துக்கு மூடிய பள்ளிக்கூடம் மறுபடி திறந்து ஒரு வாரம் ஆகியும் அவள் போகவில்லை.

ஆவணி பிறந்ததும் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலை பாக்கு தட்டோடு வந்திருந்தாள்.

“பையனுக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறோம்ண்ணே. குலதெய்வம் கோயில்ல. நீதான் மடியில வச்சுக்கணும்.”

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்தே கேட்டாள். “செவுரு இல்லாத வீட்டுல இப்ப என்ன அவசரம் காதுகுத்துக்கு?”

“வேண்டுதல் அண்ணி. தண்ணி உள்ள வந்தப்ப வேண்டிக்கிட்டேன்.”

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் வரும்போது எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். ஆனால் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று, செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டு சொன்னாள்: “நீயும் அண்ணியும் வந்தா போதும்ண்ணே. மருமவனுக்கு வேல கெட வேணாம்.”

அவள் போன பிறகு என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். “பாத்தீங்களா? மொறப்பையன் மட்டும் வரக் கூடாதாம். காது குத்தப்போறது தம்பிக்கா, அக்காவுக்கா?”

“சும்மா இரு,” என்றேன். அவளைத்தான் அடக்கினேன். என் மனம் அடங்கவில்லை.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால், மேற்குச் சுவருக்குத் தட்டி கட்டிக்கொடுக்கலாம் என்று நாலு மூங்கிலும் பழைய கீற்றும் எடுத்துக்கொண்டு போனேன். அது ஒரு சாக்கு. பார்க்கத்தான் போனேன். பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பாப்பா அடிபம்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மூங்கிலை எங்கே நடலாம் என்று வீட்டைச் சுற்றி வந்தேன்.

பின்னால், வேலிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் உயரத்துக்கு மூங்கில் ஒன்று ஊன்றியிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்திருந்தார்கள். அடியில் பால் ஊற்றிய தடம். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

பந்தக்கால். என் வாழ்நாளில் எத்தனை பந்தக்கால் ஊன்றியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. கல்யாணம் என்றால் பந்தல்காரனை முதலில் கூப்பிடுவது அதற்குத்தான். வாசலில் ஈசானிய மூலை பார்த்து ஊன்றுவோம். எங்கள் வகையறாவில் காதுகுத்துக்குப் பந்தக்கால் ஊன்றும் வழக்கம் கிடையாது. ஊரிடம் மறைக்கலாம், பள்ளிக்கூடத்திடம் மறைக்கலாம், அண்ணனிடம் மறைக்கலாம். சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் வாசலில் ஊன்றுவதைக் கொல்லையில் ஊன்றிவிட்டார்கள். அதுவும் கோணலாக. பந்தல்காரன் தங்கை வீட்டில், பந்தல்காரனைக் கூப்பிடாமல்.

“பாப்பா, இது என்ன?”

கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றாள். “அம்மா ஊனுச்சு மாமா. தொடக் கூடாதாம்.”

“எதுக்காம்?”

“தம்பி காதுகுத்துக்குன்னு சொல்லுச்சு.” கையிலிருந்த நுரையைப் பாவாடையில் துடைத்தாள். “எனக்குப் பட்டுப் பொடவை வாங்கி வச்சிருக்காங்க. தம்பிக்குத்தானே விசேஷம், எனக்கு எதுக்கு மாமா பட்டு? கேட்டா அம்மா அழுவுது. அந்தப் பாயி குடுத்தவரு தெனம் அப்பா போன்ல பேசறாரு. நான் உள்ள வந்தா அப்பா வெளிய எந்திரிச்சுப் போயிடறாரு.”

 மூங்கிலைக் கீழே போட்டேன்.

“நான் பள்ளிக்கூடம் போவேனா மாமா?” என்று கேட்டாள். “காலாண்டுப் பரீட்சை வருது.”

தங்கையும் அவள் புருஷனும் சாயங்காலம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தட்டியும் கட்டவில்லை. வந்தவுடன் நான் எதையும் கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் கையைக் காட்டினேன், அவ்வளவுதான். தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன் மூட்டை தூக்கிய துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஆமா மச்சான். முடிவு பண்ணிட்டோம். கோயில்ல தாலி. நக வேணாம், சீர் வேணாம், சாப்பாடு வண்டி எல்லாம் அவங்க செலவு. இன்னைய தேதிக்கு எவன் சொல்லுவான் அப்படி?”

“பதினாலு வயசு மாப்ள.”

“தெரியும். பெத்தவனுக்குத் தெரியாதா? கதவு இருக்கா பாருங்க வீட்டுக்கு. நான் விடிகாலம் மார்க்கெட்டுக்குப் போறேன், அவ வேலைக்குப் போறா. பொண்ணு வெளிக்குப் போகணும்னா ஆத்தங்கரைக்குத்தான் போகணும். மண்டபத்துல ஒருத்தன் போன வச்சுப் படம் புடிச்சான் மச்சான், இவ தல துவட்டுறத. நான் போயி அவன் சட்டையப் புடிச்சேன். நாளைக்கு எத்தன பேரு சட்டையப் புடிக்கிறது? நீங்க மேட்டுல இருக்கீங்க. உங்களுக்குத் தண்ணி குழாய்ல வருது. எங்களுக்கு ஆறே வீட்டுக்குள்ள வருது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. அந்த ஆளை விசாரித்தீர்களா என்று கேட்டேன். நல்ல குடும்பம் என்றார். முப்பது வயது வரை ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டேன். தோளில் போட்ட துண்டை எடுத்து மறுபடி உதறினார். வரும் வழியில் டீக்கடையில் ஒருவர் பொட்டலக்காரருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் முறிந்ததாகச் சொல்லியிருந்தார். அது உண்மையா, பொறாமையில் சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று அப்போது விழுங்கிவிட்டேன்.

அப்போது தங்கை உள்ளேயிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

“நீ எதுக்குத் தடுக்கறேன்னு எனக்குத் தெரியாதாண்ணே? பொறந்த அன்னைக்கே மருமவ வந்துட்டான்னு சக்கரை குடுத்தவன்தான நீ. உன் மவனுக்கு வேணும். அதான் வயசு பத்தலங்கற.”

“ஐயோ, அதில்ல...”

“சரி மச்சான்,” என்றார் அவள் புருஷன். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். “உரிமை உங்களுக்குத்தான் மொதல்ல. நீங்களே எடுத்துக்குங்க. இதே முகூர்த்தத்துல முடிச்சுடலாம். நான் அவருகிட்டச் சொல்லிக்கிறேன். எனக்கு என்ன, பொண்ணு நாலு செவுத்துக்குள்ள இருந்தாப் போதும்.”

இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்தது. பாப்பா பிறந்ததிலிருந்து என் மகனையும் அவளையும் சேர்த்து வைத்து எல்லாரும் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். எங்கேயோ உள்ளே அந்த எண்ணம் எனக்கும் இருந்திருக்கிறது. அப்படியென்றால் நான் அடிபம்புப் பக்கம் உட்கார்ந்து காத்திருந்தது பாப்பாவுக்காகவா, என் மகனுக்காகவா? பொட்டலக்காரரைச் சந்தேகப்பட்ட மாதிரி என்னையே சந்தேகப்பட்டேன். பாப்பா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் வேண்டாம், எங்கள் வீட்டுக்கும் வேண்டாம் என்று. எனக்கு வாய் வரவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். சம்மதம் சொல்லாமல் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். தாய்மாமன் கோபம் முகூர்த்தத்தன்று சரியாகிவிடும் என்றும் நினைத்திருப்பார்கள். கோயிலில் நாலு பேர் முன்னால் என்னை நிறுத்திவிட்டால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்பது என் தங்கைக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ரேஷன் கடைச் சுவரில், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லி ஒரு இலவச நம்பர் எழுதியிருந்தது. மறுநாள் மத்தியானம் வேலைக்கு நடுவில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்று அந்த நம்பரைப் போட்டேன். எடுத்தவுடன் கட் செய்தேன். மறுபடியும் போட்டு மறுபடியும் கட் செய்தேன். மூன்றாவது தடவை ஒரு பெண் குரல், “பரவால்லைங்க, மெதுவா சொல்லுங்க,” என்றது. இடத்தைச் சொன்னேன். நாளைச் சொன்னேன். வயதைச் சொன்னேன்.

“நீங்க யாருங்க அந்தப் பொண்ணுக்கு?”

“தெரிஞ்சவன்,” என்றேன்.

என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

விசேஷத்தன்று காலை ஏழு மணிக்கு நானும் மனைவியும் கரைக்குப் போனோம். பாப்பாவுக்குப் பட்டுப் புடவை கட்டியிருந்தார்கள். கொசுவம் நிற்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவே வந்து சேரவில்லை, பத்துப் பேர்தான். பொட்டலக்காரரின் லோடு ஆட்டோவில் பூமாலைக் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரும் அம்மாவோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொடக் குனிந்தார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

ஜீப் வந்தது. இரண்டு அதிகாரி அம்மாக்கள், கூட ஒரு பெண் போலீஸ். தங்கை சட்டென்று சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“காதுகுத்துங்கம்மா. எம் புள்ளைக்குங்க. கோயிலுக்குக் கெளம்பறோம்.”

“பொண்ணு எதுக்குப் பட்டுல இருக்கு?”

“அக்காக்காரிங்க. தம்பி விசேஷத்துக்குக் கட்டாம எப்பக் கட்டுவா?”

அதிகாரி அம்மா மாலைக் கூடையைப் பார்த்தார். சாமிக்கு என்றார்கள். வண்டியைப் பார்த்தார். வாடகைக்கு என்றார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

“தாய்மாமன் யாரு?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்க சொல்லுங்க. இது காதுகுத்துதானா?”

என் தங்கை என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் மாங்காய் திருடி வந்தால் அப்பாவிடம் சொல்லாமல் காப்பாற்றுவாளே, அதே பார்வை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜீப் போய்விடும். போன் செய்தது யாரென்றும் யாருக்கும் தெரியாது.  பாப்பா புடவைக் கொசுவத்தை விட்டுவிட்டாள். அது அவிழ்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே ஸ்கூல் யூனிஃபார்ம் பாவாடை தெரிந்தது. உள்பாவாடை வாங்கவில்லை போலிருக்கிறது.

“அம்மா,” என்றேன். “காதுகுத்துக்கு நாங்க பந்தக்கால் ஊன்ற மாட்டோங்க. பின்னால போயிப் பாருங்க.”

நாலு பேர் முன்னால் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

பிறகு நடந்தது நீளம். எழுதி வாங்கினார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பதினெட்டு வயதுவரை கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது, பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். பொட்டலக்காரரின் அம்மா மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் என்னிடம் வந்து, “பசிச்சவங்களுக்குச் சோறு போட்டேன் மாமா. நான் என்னங்க தப்புப் பண்ணேன்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவர் நல்லவராகவும் இருக்கலாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சின்னவனுக்குக் காது குத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து எனக்குச் சொல்லாமல் குத்தினார்கள். தங்கை புருஷனின் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக்கொண்டாராம். அதைக் கேட்டபோது என் மடி கனத்தது மாதிரி இருந்தது.

தங்கை என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஆனால் போன் செய்தது நான் என்று அவள் நினைக்கவில்லை. அண்ணனுக்குப் போனில் பேசவும் வாய் இருக்காது என்று அவளுக்கு நிச்சயம். பாப்பாவின் வகுப்பு டீச்சர் மேல் சந்தேகப்பட்டாள். ஏன் பொண்ணு வரவில்லை என்று அந்த டீச்சர் இரண்டு தடவை போன் செய்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அதை என் மனைவி வந்து சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். நான்தான் என்று சொல்லவில்லை.

ஒரு வருஷமாக வாரம் ஒரு முறை கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போனால் முதலில் வீட்டைச் சுற்றி வருவேன். கொல்லை, வேலியோரம், அடிபம்புப் பக்கம். மஞ்சள் பூசிய கம்பு எங்காவது நிற்கிறதா என்று பார்ப்பேன். என் தங்கை என்னிடம் பேசாமல் பெண்ணிடம் பேசுவாள்: “பாப்பா, உங்க மாமாவக் கேளு. கோழியத் தேடுறாரான்னு.” பாப்பா சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே சுற்றுவேன். சுற்றாமல் திரும்பியதில்லை.

இந்த ஆடியிலும் மேட்டூர் நிரம்பிவிட்டது. முந்தாநாள் மறுபடியும் அவர்களை அதே மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நேற்று காலையில் போனேன். பாப்பா இப்போது பத்தாம் வகுப்பு. மேடையில் அல்ல, இந்தத் தடவை மாடிப்படிக்கு அடியில் இடம். வெளியே அதே லோடு ஆட்டோ நின்றது. அவர் பொட்டலத்தை ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத்தான் கொடுத்தார். எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதையும் நான் சந்தேகப்பட்டேன்.

தங்கை புருஷனிடம் கேட்டேன். “பாப்பாவ என்னோட அனுப்புங்க மாப்ள. தண்ணி வடியற வரைக்கும் மட்டும் இல்ல, பரீட்சை முடியற வரைக்கும். பாலக்கரைலேருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸு.”

“வயசுப் பையன் இருக்கிற வீட்டுக்கா?” என்றார். “ஊரு என்ன சொல்லும்? மாமன் நிறுத்தினது இதுக்குத்தான்னு சொல்லும். அப்புறம் உங்க பையனுக்கே குடுத்தாகணும்னு வந்து நிக்கும்.”

“அவன் பட்டறையிலயே தங்கிக்கிறான். கேட்டுட்டுத்தான் வந்தேன்.” கேட்டது உண்மைதான். அங்கே ஃபேன் இருக்கிறது, கொசு இல்லை, எனக்கென்ன என்று சொல்லிவிட்டான்.

“எழுதிக் குடுங்க மச்சான். கேக்க மாட்டேன்னு.”

அப்போதுதான் ஒரு வருஷத்துக்குப் பிறகு என் தங்கை என்னைப் பார்த்து நேராகப் பேசினாள். “எழுதியே குடுண்ணே. வாயால சொன்னா நீ பாதியில எந்திரிச்சுப் போயிருவ. ஆனா ஒண்ணு. அந்த டீச்சர் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இனிமே எம் பொண்ணு போகாது. போன வருஷம் மறுபடி ஜீப்பு வரும்னு பயந்து அனுப்புனேன். பத்தாவதுக்கும் அவதானாம். குடும்பத்தப் போலீசுல சிக்க வச்சவ. அங்க போறதுக்குப் போகாமயே இருக்கலாம்.”

பாப்பா படிக்கட்டுக்கு அடியில் புத்தகத்தை மூடினாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வரி போதும் என்றுதான் உட்கார்ந்தேன். என் மகனுக்குப் பாப்பாவைக் கேட்கமாட்டேன். இப்போதும் கேட்கமாட்டேன், பதினெட்டு முடிந்த பிறகும் கேட்கமாட்டேன். அதற்குப் பிறகு அவளாக எதையாவது சொன்னால் அது அவள் பாடு. இது ஒரு வரி. இன்னொரு வரிதான் எழுத வரவில்லை. அதற்காகத்தான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

போன் செய்தது டீச்சர் அல்ல. நான்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பிள்ளை ஏன் வரவில்லை என்று மட்டும்தான் கேட்டார். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று, மூன்று தடவை போட்டு, நான்தான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. வாசலில் நின்று தூற்றிய மண் என் மேல் விழ வேண்டியது.

என் தங்கைக்குப் படிக்கத் தெரியாது. அவள் புருஷன் எழுத்துக்கூட்டிப் படிப்பார், பாதியில் பொறுமை போய்விடும். பாப்பாதான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். படிக்கும்போது எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதைக் கேட்ட பிறகு பாப்பாவை என்னோடு அனுப்பாமல் போகலாம். என் முகத்தில் முழிக்கவே வேண்டாம் என்று சொல்லலாம். போன் செய்ததைச் சொல்லும் பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு மீதியைக் கொடுத்தால் என்ன என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். கிழித்தால் அவள் என் வீட்டுக்கு வருவாள், பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாள். பள்ளிக்கூடம் போகாத பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கிழிக்கவில்லை. இப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைக்கப்போகிறேன். என் மனைவி மண்டபத்துக்குக் கொண்டுபோக ஒரு சின்ன அடுக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்.

பாலக்கரை,
ஆடி 21, புதன்கிழமை.